துணைக்கு ஒரு சக்கரம்

வண்டிகளின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் எந்திரத்தின் ஆற்றலையும் வேகத்தையும் கொண்டே அதனைக் கூறுவர். எத்தனை குதிரைத் திறன், மணிக்கு எத்தனை கல் என்பனவே அவ்வரலாற்றின் அளவுகோல்கள். மாணவ நேயர்களே, அதே வரலாற்றை வேறோர் இடத்தில் நின்று பார்க்கவும் கூடும். ஓட்டுபவன் தன்னோடு வரும் துணையை எங்கே அமர்த்தினான்? பின்னாலா, முன்னாலா, பக்கத்திலா? அத்துணை பேசத் தெரியாத ஓர் உயிராக இருந்தால் அதற்கு என்ன இடம் கொடுத்தான்? இக்கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் இணைக்கப்படும் சைடுகார் என்னும் சிறு வண்டியின் கதையையும், அதனை ஓட்டக் கற்கும் முறையையும், அதில் நாயை ஏற்றிச் செல்வதற்கு வேண்டிய ஒழுங்கையும் உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இது வேடிக்கைக்காக எடுத்துக்கொண்ட பொருளன்று. நாகர்கோவிலில் வடசேரியிலிருந்து கோட்டாறு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டிமேல், ஓட்டுபவரின் இரு கைகளுக்கும் நடுவே, ஒரு நாய் நின்றுகொண்டு போவதை என்றேனும் காண்பீர்கள். காண்போர் சிரிப்பர், நாயின் துணிவைப் பாராட்டுவர். ஆனால் அந்த நாய்க்குப் பற்றிக்கொள்ளக் கையில்லை. வழுவழுப்பான தகட்டில் நகம் ஊன்றாது. ஒரு குழந்தை குறுக்கே ஓடி, ஓட்டுபவர் பிரேக்கை அழுத்தினால், முதலில் தூக்கி எறியப்படுவது அந்த உயிர்தான். அதன்மேல் உள்ள அன்பில் குறைவில்லை, இடத்தில்தான் குறை. அக்குறையை நீக்க மனிதர் கண்ட வழிகளுள் ஒன்று சைடுகார்.

முதலில் இரண்டு சக்கரங்களின் கதையைச் சிறிது பார்ப்போம். 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுக் கார்ல் டிரைஸ் என்பார் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்களைக் கட்டையில் பொருத்தி, காலால் தரையை உதைத்து ஓட்டிக் காட்டினார். சைக்கிளின் முன்னோடி அதுவே. 1885-இல் அதே நாட்டைச் சேர்ந்த காட்லீப் டெய்ம்லர், வில்ஹெல்ம் மேபாக் ஆகிய இருவரும் மரச்சட்டத்தில் பெட்ரோல் எந்திரத்தைப் பொருத்தி ஓர் இருசக்கர வண்டியைச் செய்தனர். விந்தை என்னவெனில், அந்த முதல் வண்டியின் இருபுறமும் சாயாமல் தாங்குவதற்காகச் சிறு சக்கரங்கள் இரண்டு இருந்தன. ஆகவே, பக்கச் சக்கரம் என்பது மோட்டார் சைக்கிளுக்குப் பிற்காலத்தில் வந்த புதுமை அன்று. பிறந்தபோதே அதனோடு பிறந்தது. பிறகு மனிதர் சாய்ந்து ஓட்டும் கலையைக் கற்றதும் அச்சக்கரங்கள் வேண்டாதனவாயின.

அக்கலையின் நுட்பம் ஓட்டுபவர் பலருக்கே தெரியாது. சைக்கிளில் இடப்புறம் திரும்ப எண்ணுபவர், கைப்பிடியை முதலில் ஒரு நொடி வலப்புறம் திருப்புகிறார். சக்கரம் வலமாக விலகவே, வண்டி இடப்புறம் சாய்கிறது. சாய்ந்த பின்னரே இடப்புறம் வளைகிறது. வானூர்தி கண்ட ரைட் சகோதரர்களுள் வில்பர் ரைட் சைக்கிள் கடை நடத்தியவர். அவர் சைக்கிள் ஓட்டுபவர் பலரிடம், ‘எவ்வாறு திரும்புகிறீர்கள்?’ என்று கேட்டுப் பார்த்தார். தாம் முதலில் எதிர்ப்புறம் திருப்புவதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. உடல் அறிந்ததை உள்ளம் அறியாமல் இருப்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? இதனை நினைவில் வையுங்கள். சைடுகாரைக் கற்கும் இடத்தில் இது மீண்டும் நம் முன் வரும்.

இனித் துணையின் இடத்திற்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஐரோப்பாவில் பரவின. தனியே சென்றவர் தம் மனைவியையோ நண்பரையோ உடன் அழைத்துச் செல்ல விரும்பினர். முதலில் வண்டிக்குப் பின்னால் ஒரு சிறு தேரைக் கட்டி இழுத்தனர். அதில் அமர்ந்தவர் வழியெங்கும் புழுதியையும் புகையையும் குடித்துக்கொண்டு வந்தார். அவர் பேசுவது ஓட்டுபவருக்குக் கேட்கவுமில்லை. ஆகவே சிலர் முன்பக்கத்தில் இரு சக்கரம் வைத்து, அவற்றின் நடுவே இருக்கையை அமைத்தனர். புழுதித் தொல்லை நீங்கியது. ஆனால் வண்டி எதன்மீதேனும் மோதினால், முதலில் மோதுபவர் அந்தத் துணையே. பின்னால் வைத்தால் துன்பம், முன்னால் வைத்தால் ஆபத்து. எஞ்சிய இடம் ஒன்றே. அது பக்கம்.

1893-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுச் செய்தித்தாள் ஒன்று, சைக்கிளில் ஒருவரை உடன் ஏற்றிச் செல்வதற்குரிய சிறந்த வழி எது என்று ஒரு போட்டி வைத்தது. சைக்கிளின் பக்கத்தில் ஒரு சக்கரத்தைக் குழாய்களால் முக்கோணமாகப் பிணைத்து, அதன்மேல் வில் வைத்த இருக்கையை அமைக்கும் முறை அதிலிருந்து தோன்றியது. பத்தாண்டுகளுக்குப் பின், 1903 ஜனவரி 7-ஆம் நாள் வெளிவந்த ‘மோட்டார் சைக்கிளிங்’ என்னும் ஆங்கில இதழில், ஜார்ஜ் மூர் என்பார் பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். மூன்று வாரங்களுக்குள் கிரகாம் என்பவர் அத்தகைய வண்டிக்கு இடைக்காலக் காப்புரிமை பெற்றுவிட்டார். அவருடைய நிறுவனம் இருந்த ஊர் இங்கிலாந்திலுள்ள என்ஃபீல்டு. நம் நாட்டில் பெரும்பெயர் பெற்ற மோட்டார் சைக்கிளின் பெயரில் வாழும் ஊரும் அதுவே. கேலியாக வரைந்தது ஒரு மாதத்திற்குள் தொழிலாகிவிட்டது.

அதே 1903-ஆம் ஆண்டில் மற்றொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்னும் மருத்துவர், குரோக்கர் என்னும் பொறி வல்லுநரோடு சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்குக் காரில் புறப்பட்டார். அமெரிக்காவின் குறுக்கே காரில் சென்ற முதற்பயணம் அது. 63 நாள் ஆயிற்று. நடுவழியில் பட் என்னும் ஒரு நாய் அவர்களோடு சேர்ந்தது. பாலைநிலப் புழுதியால் அதன் கண்கள் புண்படவே, ஜாக்சன் தாம் அணிந்ததைப் போன்ற கண்ணாடி ஒன்றை அதற்கும் அணிவித்தார். அக்கண்ணாடியை இன்றும் வாஷிங்டன் நகர்ப் பொருட்காட்சிச் சாலையில் காத்து வைத்திருக்கின்றனர். மோட்டார் வண்டியில் ஏறிய நாயின் துன்பத்தை உணர்ந்து, அதற்கென ஒரு கருவியைத் தேடிய தொடக்க கால நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

சைடுகார் விரைவாகப் பரவியது. முதல் உலகப்போரில் அதன்மேல் எந்திரத் துப்பாக்கியை ஏற்றினர். காயமுற்றவரைப் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அதனைப் பயன்படுத்தினர். 1922-இல் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி என்னும் இரு இளைஞர்கள் பிளாக்பூல் நகரில் ‘ஸ்வாலோ’ என்னும் சைடுகார் நிறுவனத்தைத் தொடங்கினர். பிற்காலத்தில் ஜாகுவார் என்னும் உயர்ந்த கார் தோன்றியது அந்நிறுவனத்திலிருந்துதான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் சைடுகாரின் சக்கரத்திற்கும் எந்திர ஆற்றலைச் செலுத்தி, சேற்றிலும் மணலிலும் செல்லும் வண்டிகளைச் செய்தனர்.

பந்தயங்களும் நடந்தன. 1923-இல் மான் தீவில் நடந்த முதல் சைடுகார்ப் பந்தயத்தில் ஃபிரெடி டிக்சன் வென்றார். அவருடைய வண்டியில், உடன் அமர்ந்தவர் ஒரு நெம்புகோலைக் கொண்டு சைடுகாரின் பக்கத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் கூடும். 1949-இல் உலகப் போட்டி தொடங்கியபோது, முதற்பட்டத்தை எரிக் ஆலிவர் பெற்றார். அவருக்குத் துணையாக இருந்த டெனிஸ் ஜென்கின்சன் ஓர் எழுத்தாளர். வளைவுதோறும் அவர் உடலை வெளியே நீட்டியும் உள்ளே இழுத்தும் வண்டியின் சமநிலையைக் காத்தார். துணைவர் சுமையல்லர், ஓட்டத்தில் பங்காளர் என்பதைப் பந்தயத் தடம் உலகுக்குக் காட்டியது.

கடலோரத்து மக்களாகிய நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. நமக்கு அண்மையிலுள்ள இலங்கைக் கடற்கரையில், ஒடுங்கிய ஓடத்தின் ஒரு பக்கத்தில் இரு வளைகழிகளால் மிதவைக் கட்டையைப் பிணைத்து ஓட்டும் மரபு நெடுங்காலமாக உண்டு. காற்று மிகும்போது ஓடம் கவிழாதிருக்க, மீனவர் அக்கழிகளின்மேல் ஏறிச் சென்று மிதவைக்குப் பாரம் சேர்ப்பர். ஓராள் ஏற வேண்டிய காற்று, இரண்டாள் ஏற வேண்டிய காற்று என்று காற்றின் வலிமையையே ஆட்கணக்கில் கூறுவதுண்டு. சைடுகாரின் இயற்கையை அறிய இந்த ஓடத்தைவிடத் தெளிவான உவமை வேறில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். மோட்டார் சைக்கிளைக் கற்பதென்றால் அதனை உணர்வது என்று வாழ்ந்து காட்டியவர் ஜி. டி. நாயுடு. கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஊருக்குள் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவைக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றப் போகவில்லை. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, மீண்டும் பூட்டிப் பார்த்தார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கிய தொழிலதிபரின் கல்வி, அந்த ஒற்றை மோட்டார் சைக்கிளில் தொடங்கியது.

1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்யலாயிற்று. இங்கிலாந்தில் அத்தொழில் 1970-இல் நின்றுபோன பின்னும், தமிழ்நாட்டில் அது தொடர்ந்து வளர்ந்தது. புல்லட்டோடு சைடுகாரைப் பூட்டுவோர் இருந்தனர். ஸ்கூட்டருக்குச் சைடுகார் பூட்டி, மனைவி மக்களோடு கோயிலுக்கும் திருமணத்திற்கும் சென்ற நடுத்தரக் குடும்பங்கள் வடநாட்டிலும் தென்னாட்டிலும் பல. 1975-இல் வெளிவந்த ‘ஷோலே’ என்னும் இந்திப் படத்தில், நண்பர் இருவர் சென்ற சைடுகார் வண்டியை இன்றும் மக்கள் மறக்கவில்லை. திரையில் அந்தச் சைடுகார் ஓடும்போதே பிரிந்து போய் மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். உண்மைச் சாலையில் பிரிந்தது ஒட்டாது. இணைப்பு ஆணிகளைப் புறப்படுமுன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதே அறிவுடைமை. 1983-இன் இறுதியில் மாருதி கார் வந்தது. குடும்பங்கள் நாளடைவில் காருக்கு மாறின. சைடுகாரைக் காண்பது அரிதாயிற்று.

சட்டம் இவ்வண்டியை எவ்வாறு பார்க்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிகள் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மோட்டார் சைக்கிள் என்பதற்கு விளக்கம் கூறும்போது, கூடுதல் சக்கரமுடைய, பிரித்தெடுக்கத்தக்க சைடுகார் இணைந்திருந்தாலும் அதனை இருசக்கர வண்டி என்றே கொள்கிறது. ஆகவே, மோட்டார் சைக்கிளின் உரிமம் உடையவர் இதனை ஓட்டலாம். வண்டியின் அமைப்பை மாற்றுவதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலும், பதிவுச் சான்றில் அதற்குரிய குறிப்பும் வேண்டும். சட்டத்தின் கண்ணுக்கு இது இருசக்கர வண்டி. ஆனால் ஓட்டுபவரின் கைக்கு இது முற்றிலும் வேறு வண்டி. பெயரை நம்பிப் பழைய பழக்கத்தோடு ஏறுபவர் இடர்ப்படுவர். இன்றைய என் பேச்சின் உயிர்நிலை இதுவே.

ஏன் வேறு வண்டி என்பதை நாஞ்சில் நாட்டு உழவரிடம் கேட்டால் எளிதாகச் சொல்லிவிடுவார். ஏரில் பூட்டிய இரு மாடுகளில் ஒன்று முந்தி இழுத்து, மற்றொன்று பின்தங்கினால் ஏர் நேராகப் போகாது. பின்தங்கிய மாட்டின் பக்கம் திரும்பும். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்வதால், சைடுகாரும் இடப்புறமே பூட்டப்படுகிறது. எந்திரம் இழுப்பது மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை மட்டும். சைடுகார் தானாக ஓடுவதன்று, இழுபட்டு வருவது. ஆகையால் வேகத்தைக் கூட்டும்போது வண்டி இடப்புறம், அதாவது பின்தங்கிய மாட்டின் பக்கம் இழுக்கும். பிரேக்கை அழுத்தும்போது மோட்டார் சைக்கிள் தயங்க, சைடுகார் தன் பாரத்தின் வேகத்தால் முந்தப் பார்க்கும்; வண்டி வலப்புறம் இழுக்கும். கூட்டினால் இடம், குறைத்தால் வலம். இச்சிறு சூத்திரம் நெஞ்சில் பதியாதவர் நேரான சாலையிலும் வளைந்தே செல்வர்.

வளைவுகளிலும் இதற்கெனத் தனி இயற்கை உண்டு. இடப்புறம் விரைந்து திரும்பினால், பாரம் வலப்புறம் தள்ளப்பட்டுச் சைடுகாரின் சக்கரம் தரையைவிட்டு எழும். மீனவர் மிதவைமேல் ஏறுவது இவ்வாறு எழாதிருக்கவே. வலப்புறம் விரைந்து திரும்பினால், சைடுகாரின் மூக்கு தரையை நோக்கி அழுந்தி, மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் எழப் பார்க்கும். முதலாவது எளிதில் நேர்வது. ஆனால் முன்கூட்டியே உணர்த்திவிடும். இரண்டாவது அருமையாக நேர்வது. ஆனால் நேர்ந்தால் எச்சரிக்கை தராது. இரண்டிற்கும் மருந்து ஒன்றே: வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிடுதல்.

இவ்விழுப்புகளைத் தணிக்கக் கைவினைஞர் சில முறைகளைக் கண்டுள்ளனர். சைடுகாரின் சக்கரத்தை மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்திற்குச் சற்று முன்னால் அமைப்பர். அச்சக்கரத்தின் முன்விளிம்பு மோட்டார் சைக்கிளை நோக்கிச் சிறிதளவு உட்புறம் திரும்பியிருக்கும். மோட்டார் சைக்கிளோ சைடுகாரைவிட்டு எதிர்ப்புறம் சிறிதே சாய்ந்து நிற்கும். இந்த அளவுகள் சரியாக அமைந்தால், நேரான சாலையில் ஓட்டுபவரின் தோள் நோகாது. தவறினால், பத்துக் கல் போவதற்குள் கை சோர்ந்துவிடும்.

இவ்வண்டியை நான் கற்றது நாகர்கோவிலுக்கு அருகே ஒரு திறந்த வெளியில். இருபது ஆண்டுகள் இருசக்கர வண்டி ஓட்டிய பழக்கம் எனக்கு உண்டு. கற்பித்தவர் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர். இப்பகுதியில் வித்தை சொல்லித் தருபவரை ஆசான் என்போம்; அவரையும் அவ்வாறே அழைத்தேன். அவர் முதல் நாள் சொன்ன சொல் இது: “உடம்பைச் சாய்க்காதே மக்கா, கையைத் திருப்பு.” சைடுகார் பூட்டிய வண்டி சாயாது. ஆகவே, எதிர்ப்புறம் திருப்பிச் சாய்க்கும் அந்தப் பழைய நுட்பம் இங்கே பயன்படாது. இடம் செல்லக் கைப்பிடியை இடப்புறமே திருப்ப வேண்டும். வலம் செல்ல வலப்புறமே திருப்ப வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் வில்பர் ரைட் கண்டது போல, உடல் தான் செய்வதை நம்மிடம் சொல்லாமலே செய்கிறது. சொல்லாமல் செய்வதை மாற்றுவது எளிதன்று. சைக்கிளையே ஓட்டியறியாத ஒருவர் இதனை விரைவில் கற்றுவிடுவார் என்று ஆசான் கூறுவார்.

அவர் வகுத்த பாடமுறை ஒழுங்கானது. முதலில் வெற்றுச் சைடுகாரில் மணல் மூட்டையை வைத்துக் கட்டினார். வெற்றுச் சைடுகார் இலேசானது, எளிதில் எழும். கற்கும்போது பாரம் இருப்பது காவல். முதல் இரண்டு நாள் நேர்க்கோட்டில் செல்வதும் நிற்பதும்தான். கூட்டினால் இடம், குறைத்தால் வலம் என்பதைக் கை அங்கே கற்றது. பிறகு வலப்புற வட்டம். பிறகு இடப்புற வட்டம். பிறகு இரண்டையும் இணைத்து எட்டு வடிவம். அதன் பின்னர் மூட்டையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மெதுவான இடப்புற வட்டத்தில் சக்கரம் எழும் நொடியை உணரச் செய்தார். எழும்போது அஞ்சிப் பிரேக்கை மிதிக்கலாகாது. கைப்பிடியைச் சற்றே தளர்த்தி வேகத்தை மெல்லக் குறைத்தால், சக்கரம் தானே தரையில் அமரும். இப்பயிற்சியை மைதானத்தில் செய்யாமல் சாலைக்குச் செல்பவர், அதனை முதன்முதல் ஒரு லாரியின் எதிரே செய்ய நேரும்.

மைதானப் பயிற்சிக்குப் பின் சாலை. குமரி மாவட்டத்தின் சாலைகள் இவ்வண்டிக்கு நல்ல ஆசிரியர்கள். திருவனந்தபுரம்–கன்னியாகுமரிச் சாலை மோட்டார்ப் போக்குவரத்தில் பழம்பெருமை உடையது. 1938 பிப்ரவரி 20-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கி வைத்த திருவிதாங்கூர் அரசுப் பேருந்துகள் அச்சாலையில் ஓடின. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்து தனி மாவட்டமாயின. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாக மேற்கே செல்லச் செல்ல மேடும் பள்ளமும் வளைவும் மாறி மாறி வரும். எதிரே பேருந்து வர, இடப்புறம் ஒதுங்கும்போது, நம் வண்டியின் அகலத்தை மறத்தல் ஆகாது. கண் மோட்டார் சைக்கிளின் நேரே இருக்கும். ஆனால் இடப்புறத்தில் ஒரு முழு உயிர் அமர்ந்திருக்கிறது. சாலையோர மைல்கல்லும் மின்கம்பமும் முதலில் எதிர்ப்படுவது அதற்கே.

கிழக்கே தோவாளையைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் சென்றால் பாடம் வேறு. தென்மேற்குப் பருவக்காற்று கணவாயில் குவிந்து வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அதன் வலிமை பெரிது. அதனாலன்றோ அப்பால் முப்பந்தலில் காற்றாலைகள் காடு போல் நிற்கின்றன! இருசக்கர வண்டி ஓட்டுபவர் பக்கக் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து சமாளிப்பார். சைடுகார் வண்டியில் சாய வழியில்லை. காற்று பெட்டியைத் தள்ளும். கை உறுதியாகப் பிடிக்க வேண்டும். வேகம் குறைய வேண்டும்.

இவ்வளவும் கைகூடிய பின்னரே நாயை ஏற்றலாம். மணல் மூட்டைக்கும் நாய்க்கும் வேறுபாடு ஒன்றுண்டு. மூட்டை அசையாது. உடன் வரும் மனிதரோ அசைந்தாலும், வளைவைக் கண்டு நமக்கு உதவியாக அசைவார். நாய் தன் விருப்பப்படி அசையும். தெருவோரத்தில் மற்றொரு நாயைக் கண்டால், 25 கிலோ எடையும் ஒரே பாய்ச்சலில் ஒரு பக்கம் சேரும். ஆதலால் இருக்கையின் அடியில் சிறிது நிலைப்பாரம் வைப்பது நல்லது. நாயின் மார்பையும் தோளையும் சுற்றிய வார்ப்பட்டையில் கயிறு கட்டி, அக்கயிற்றைப் பெட்டியின் அடித்தளத்தில் பிணைக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் கட்டுவது கொடிது. துள்ளி விழுந்தால் அதுவே தூக்குக் கயிறாகும். கயிற்றின் நீளம் எழுந்து நிற்கவும் படுக்கவும் போதும். வெளியே தாவப் போதாது.

நாய்க்கும் பாடம் உண்டு. முதலில் எந்திரம் ஓடாத வண்டியில் ஏறி அமர்ந்து உணவு உண்ணட்டும். அடுத்து, எந்திரம் ஓட, வண்டி நிற்கட்டும். அதன் பின்னர் மைதானத்தில் நடைவேகத்தில் ஒரு சுற்று. எந்த நிலையிலும் அது நடுங்கினாலோ, வாயில் நுரை தள்ளினாலோ, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே பெரும்பாலும் வெப்பத்தைத் தணிக்கிறது. எனவே உச்சி வெயிலில் தகரப் பெட்டியில் அதனை ஏற்றுதல் தகாது. விடியலும் மாலையுமே அதற்குரிய பொழுதுகள். அடியில் தடித்த சாக்கு விரிப்பும், அருகே தண்ணீரும் வேண்டும். புழுதிக்கு மறைப்பாக முன்புறத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருத்தல் நலம். என்னிடம் உள்ள நாய் இப்படிகளைக் கடக்க ஆறு வாரம் ஆயிற்று. என் கை கற்றதற்கும் ஏறக்குறைய அதே காலம் ஆயிற்று.

இதனை மிகையான பரிவு என்று சிலர் எண்ணலாம். நம் சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் பதினோராம் பிரிவு, தேவையற்ற துன்பம் விளையும் வகையிலோ நிலையிலோ ஒரு விலங்கை வண்டியில் கொண்டு செல்வதைக் குற்றமாக்குகிறது. இச்சட்டத்திற்கு வித்திட்டவர் நம் தமிழகத்துக் கலைச்செல்வி ருக்மிணி தேவி அருண்டேல். 1952-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரான அவர், விலங்குகளுக்காகத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அதன் பயனாக அரசே இச்சட்டத்தை இயற்ற முன்வந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

தமிழர்க்கு இது புதிய உணர்வும் அன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலமாகிய ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. கருந்தேவகத்தி என்னும் வீரனுக்காக நட்ட அக்கல்லில், அவன் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரோடு பொருததை எழுத்தும் பதித்து வைத்தனர். நாய்க்குப் பெயர் கொடுத்து, அப்பெயரைக் கல்லில் வெட்டிய மக்கள் நம் முன்னோர். நமக்கு வடக்கேயுள்ள இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய ஊர்களின் பெயரால் நாயினங்கள் வழங்குவதும், 2005 ஜனவரி 9-இல் இந்திய அஞ்சல் துறை இராசபாளையம் நாயைத் தபால்தலையில் பொறித்ததும் அந்நட்பின் தொடர்ச்சியே. அக்கல்லில் நாய் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். அது வீரனுக்குப் பின்னால் இல்லை, காலடியில் மிதிபடவில்லை, பக்கத்தில் நிற்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களுள் எல்லாரும் சைடுகார் வாங்கப் போவதில்லை. ஆனால் எல்லாரும் ஒரு நாள் ஏதோ ஒரு வண்டியில் மற்றோர் உயிரை ஏற்றிக்கொள்ளப் போகிறீர்கள். அது முதிய தாயாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம், வாயில்லாப் பிராணியாக இருக்கலாம். அந்த நொடியில் நீங்கள் ஓட்டும் வண்டி, தனியே ஓட்டிய பழைய வண்டி அன்று. இரும்பும் எந்திரமும் மாறாதிருக்கலாம். பாரமும் இழுப்பும் பொறுப்பும் மாறிவிட்டன. ‘எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே’ என்பது தனியே செல்பவருக்குப் போதும். துணையோடு செல்பவர், தெரிந்த கையை ஒருமுறை தெரியாத கையாக்கிக்கொண்டு, மைதானத்தில் முதல் வட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். அவ்வாறு தொடங்குவதற்கு அஞ்சாதவரை நம்பித் துணை ஏறலாம்.